மாதம் தலைக்கு 120 ரூபாய்: ஒரு மனிதவளச் சேவையோடு இருபத்தொரு மாதங்கள்

கோவை கணபதியில் எங்களுக்கு ஓர் இயந்திரப் பட்டறை இருக்கிறது. வார்ப்படமாக வரும் பம்பு, வால்வு உதிரிகளைக் கடைந்து, துளையிட்டு, சோதித்து அனுப்புவது எங்கள் தொழில். அறுபத்து நான்கு பேர் வேலை செய்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக இவர்களுடைய சம்பளம், லீவு, முன்பணம், தீபாவளி போனஸ், பி.எஃப். (சேமநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) ஆகிய அனைத்தையும் எங்கள் கணக்குப்பிள்ளை ஒருவரே பாதி நோட்டிலும் பாதி தம் நினைவிலுமாக வைத்துக் காத்துவந்தார். 2024 தொடக்கத்தில் அவர் கண் அறுவை செய்துகொண்டு, இனி வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வர முடியும் என்று சொன்னபோதுதான், அந்த நோட்டை வேறு யாராலும் படிக்க முடியாது என்பது எங்களுக்கு உறைத்தது. அந்த ஏப்ரலில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மனிதவளச் சேவை நிறுவனத்தை அமர்த்தினோம். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் குறிப்பிடும் குறைகளில் பல இந்த வகைச் சேவைகளை வாங்கிய என் நண்பர்களுக்கும் பழக்கமானவை. எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர் இத்தகைய சேவையை வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவுக்கு வாங்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் விலை. தொடக்கக் கட்டணம் 15,000 ரூபாய்; அதன்பின் மாதம் தலைக்கு 120 ரூபாய். அறுபத்து நான்கு பேருக்கு 7,680, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 9,062 ரூபாய். இந்தத் தொகைக்குள் வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு, சட்டப்படியான பிடித்தங்களும் அவற்றின் கணக்குத் தாக்கலும், ஆள் தேர்வு, பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, குறைதீர்ப்பு என்று மனிதவள மேலாண்மையின் அரிச்சுவடி முழுவதும் அடங்கும் என்று விற்க வந்தவர் சொன்னார். அவர் காட்டிய வண்ணத்தாளில் இவை ஒரே அளவுள்ள எட்டுப் பெட்டிகளாக அச்சிடப்பட்டிருந்தன. இருபத்தொரு மாதம் கழித்துப் பார்க்கையில், அவர்கள் செய்து தந்தவற்றில் மூன்றுதான் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவை என்பது என் மதிப்பீடு.

அந்த மூன்றில் மிகச் சிறந்தது விற்பனைத் தாளிலேயே இல்லாத ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் அவர்கள் எங்களுக்கு ஒரு கேள்விப் படிவம் அனுப்பினார்கள். தாமதமாக வருபவருக்கு எத்தனை நிமிடம் சலுகை? லீவுக்கு ஒப்புதல் தருபவர் யார், அவர் இல்லாத நாளில் யார்? முன்பணம் அதிகபட்சம் எவ்வளவு தரலாம், எத்தனை தவணையில் பிடிக்கலாம்? புதிதாகச் சேர்ந்தவருக்குச் சோதனைக் காலம் எத்தனை மாதம்? எல்லாம் எளிய கேள்விகள். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் எங்களிடம் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. மீதிக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. தாமதச் சலுகை பத்து நிமிடம் என்றார் என் அண்ணன். பதினைந்து நிமிடம் என்றார் சூப்பர்வைசர். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே, “அன்னூர் பஸ்ஸுல வர்றவங்களுக்கு இருபது நிமிஷம், பைக்குல வர்றவங்களுக்கு அஞ்சு நிமிஷம், தம்பி. அதுதான் இத்தனை வருசமா நடக்குது” என்றார்.

அவருடைய விதி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது எங்கும் எழுதப்படாததால், அவர் வராத நாளில் அது இல்லாமலேயே போனது. படிவத்திலோ சலுகை நிமிடத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பதினைந்து என்று நிரப்பினோம். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆறு பேரை அழைத்துப் பேசி, அவர்களுடைய ஷிப்ட் தொடக்கத்தை மட்டும் கால் மணி நேரம் தள்ளி வைத்து, அதை எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். இப்படிப் படிவத்தை நிரப்பி முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாள்களில் நாங்கள் செய்ததுதான் உண்மையில் மனிதவள மேலாண்மை. அதன் பிறகு நடந்ததெல்லாம் பெரும்பாலும் கணக்கு. தொடக்கக் கட்டணம் 15,000 ரூபாயும் அந்தக் கேள்விகளுக்காகவே என்றாலும் எனக்கு மனவருத்தம் இல்லை.

நியமன ஆணை விஷயமும் அதே கால அளவில் வந்தது. அறுபத்து நான்கு பேரில் பதினொரு பேரிடம் மட்டுமே நியமன ஆணை இருந்தது. எல்லோருக்கும் ஆணை அச்சிட்டுத் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். கையெழுத்து வாங்கப் போனபோது பட்டறையில் ஒரு கலக்கம். பதினான்கு ஆண்டுகளாகக் கடைசல் இயந்திரத்தில் நிற்கும் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நான் இன்னைக்குத்தான் சேர்ந்தேனுங்களா?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். பணியில் சேர்ந்த நாள் 1.4.2024 என்று இருந்தது. தகவல்களைக் கணினியில் ஏற்றிய நாளையே மென்பொருள் சேர்ந்த நாளாக எடுத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று ஆணைகளிலும் அதையே அச்சிட்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் பதினான்கு ஆண்டுப் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஆதாரத்தை அவரே அழித்துக்கொடுத்ததாக ஆகியிருக்கும். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பதால், சேர்ந்த நாள் என்பது இங்கே வெறும் தேதி அன்று. நிறுவனம் மறுநாளே திருத்திய ஆணைகளை அனுப்பியது, வருத்தமும் தெரிவித்தது. ஆனாலும் பிழையைக் கண்டது அவர்களும் அல்லர், நானும் அல்லேன். தாளை முழுதாகப் படித்த ஒரு தொழிலாளி.

இனிச் சம்பளக் கணக்கு. இந்தச் சேவையின் பலம் இங்கேதான். பி.எஃப்.பில் தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு, எங்கள் பங்கு 12 விழுக்காடு. எங்கள் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி சேமநிதிக்குப் போகும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்கு 0.75, எங்களுக்கு 3.25. இரண்டையும் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இவற்றோடு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் நல நிதி என்று சின்னச் சின்னக் கட்டணங்களும் உண்டு. முன்பெல்லாம் 13, 14 தேதிகளில் எங்கள் அலுவலக அறையில் யாரும் யாருடனும் பேசமாட்டோம். இந்த இருபத்தொரு மாதத்தில் ஒருமுறைகூடத் தேதி தவறவில்லை. இரட்டிப்பு ஓவர்டைம் சம்பளத்தைக் கணக்கிடுவதிலும் தவறு வரவில்லை. ஓவர்டைம் தொகைக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பு உண்டு, ஆனால் இ.எஸ்.ஐ.க்கு உட்படுவதற்கான 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது அந்தத் தொகையைச் சேர்க்கக்கூடாது என்ற நுணுக்கத்தை, நாங்கள் சொல்லாமலே சரியாகக் கையாண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் அதே வரம்பின் வேறொரு விதியில் சறுக்கினார்கள் என்பதுதான் வியப்பு. 2024 ஜூனில் ஒரு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டருக்குச் சம்பளத்தை 20,400-லிருந்து 21,900-க்கு உயர்த்தினோம். வரம்பு 21,000 என்பதால் மென்பொருள் ஜூன் மாதமே அவருடைய இ.எஸ்.ஐ. பிடித்தத்தை நிறுத்திவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் ஒருவர் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பங்களிப்பு தொடர வேண்டும். மூன்று மாதம் இது யார் கண்ணிலும் படவில்லை. செப்டம்பரில் அவரே வந்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தமே காணோம், நான் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் பட்டியலில் இருக்கிறேனா என்று கேட்டார்.

நிலுவைத் தொகை பெரிதன்று. மாதம் அவர் பங்கு 165, எங்கள் பங்கு 712, மூன்று மாதத்துக்கு 2,631 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் சொற்ப வட்டி. உரிய மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பின்னால் அவரிடம் பிடிக்க முடியாது என்பதால் முழுவதையும் நாங்களே கட்டினோம், அதைச் சேவை நிறுவனம் அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொண்டது. ஆனால் பிழை தொடர்ந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது வேறு. நோய்க்கால உதவித்தொகை பெற, ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் என்றால் அவர் கணக்கில் ஏறத்தாழ 52 நாள்தான் இருந்திருக்கும். அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான பலன் காலத்தில் அவர் படுத்த படுக்கையாகியிருந்தால், சம்பளத்தில் 70 விழுக்காடு வீதம் 91 நாள் வரை கிடைக்க வேண்டிய தொகை கிடைக்காமல் போயிருக்கும். சம்பள உயர்வு கொடுத்ததே அவருக்குக் கேடாக முடிந்திருக்கும். இதை விளக்கியபோது சேவை நிறுவனத்தின் தொடர்பு அலுவலர், “சிஸ்டம்ல அப்படி செட் ஆகியிருக்கு சார்” என்றார். அந்தச் சிஸ்டத்தைச் செட் செய்தவர் யார் என்பது கடைசிவரை விளங்கவில்லை.

தொடர்பு அலுவலர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இருபத்தொரு மாதத்தில் எங்களுக்கு நான்கு தொடர்பு அலுவலர்கள் மாறிவிட்டார்கள். ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தவர், வகுப்பு முடிந்த இரண்டாம் மாதம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் அன்னூர் பஸ் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வருகைப்பதிவுக் கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் விரல்ரேகை இயந்திரம் தந்தார்கள். கூலண்ட் எண்ணெயிலும் இரும்புத் தூளிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கிய கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? காலை எட்டரைக்கு வரிசை நின்றது. முகம் பார்க்கும் கருவிக்கு மாற்றித் தந்தார்கள், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. இரவு ஷிப்டில் நள்ளிரவு தாண்டியதும் அடுத்த நாள் கணக்கில் சேர்ந்துவிடும் கோளாறு ஒரு மாதம் இருந்தது, சரிசெய்யப்பட்டது.

சம்பளச் சீட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், அதுவும் சிறிது பாடுபட்ட பிறகு. ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் தருகிறோம் என்றார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒன்பது பேர் இந்தியில் போதும் என்றார்கள். தமிழ்ச் சீட்டு வந்த முதல் மாதம் ஒரு சிக்கல்: ‘சம்பள இழப்பு’ என்று ஒரு வரி இருந்தது. லீவு இருப்பு தீர்ந்தபின் எடுத்த விடுப்புக்கான பிடித்தத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த வரியைப் பார்த்த எல்லோரும், அதில் சுழியம் இருந்தவர்கள் உட்பட, தங்கள் சம்பளத்தில் எதையோ இழந்துவிட்டதாக எண்ணிக் கூட்டமாக வந்தார்கள். ‘வராத நாள் பிடித்தம்’ என்று மாற்றச் சொன்னேன். ‘மிகைநேர ஊதியம்’ என்றிருந்ததை ‘ஓவர்டைம்’ என்றும், ‘அகவிலைப்படி’ என்பதைப் பட்டறையில் சொல்வதுபோல ‘பஞ்சப்படி’ என்றும் மாற்றினோம். இரண்டு வாரத்தில் செய்து தந்தார்கள். தமிழில் வந்த பிறகுதான் ஆள்கள் சீட்டைப் படிக்கத் தொடங்கினார்கள். மேலே சொன்ன இ.எஸ்.ஐ. பிழை அப்படித்தான் வெளியே வந்தது. ஆங்கிலச் சீட்டாக இருந்திருந்தால் அது மடித்தபடியே சட்டைப் பையில் துவைபட்டிருக்கும்.

பி.எஃப். கணக்கில் பெயர்ப் பொருத்தம் என்ற தலைவலியையும் அவர்கள் பொறுமையாகத் தீர்த்துக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கும் அரசுக் கணினிகளுக்கும் நெடுநாள் பகை உண்டு. ஒருவர் ஆதாரில் தந்தை பெயரை விரித்துப் பின்னால் வைத்திருப்பார், வங்கியில் முதலெழுத்து முன்னால் இருக்கும், பழைய பி.எஃப். கணக்கில் முதலெழுத்தே இருக்காது. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கும்வரை அவர் பணத்தை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட பத்தொன்பது பேருக்கு, சிலருக்கு, ஆளுக்கு ஒன்றே இருக்க வேண்டிய யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண் இரண்டு இருந்ததையும் சேர்த்து, ஏழு மாதத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, இந்த ஒன்றுக்கே மாதம் 120 ரூபாய் தகும் என்றார். அவர் வாயிலிருந்து அத்தகைய சொல் எளிதில் வராது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்களை ஒன்றுதிரட்டியவை. இந்தச் சந்தர்ப்பத்தில் சேவை நிறுவனம் நன்றாக உழைத்தது. பத்து நாளுக்குள் தமிழில் ஆறு பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. படிகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கொள்ளப்படும், எல்லாத் தொழிலாளருக்கும் நியமன ஆணை கட்டாயம், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பவற்றை, எங்கள் பட்டறையில் எத்தனை பேரைப் பாதிக்கும் என்ற எண்ணிக்கையோடு எழுதியிருந்தார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் அதை என்னிடமிருந்து வாங்கி நகலெடுத்துக்கொண்டார்.

மற்ற பெட்டிகளுக்கு வருகிறேன். ஆள் தேர்வு எங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை. சி.என்.சி. ஆபரேட்டர் வேண்டும் என்றதும் பதினொரு விண்ணப்பங்கள் வந்தன, நேரில் வந்தவர் இருவர், நிலைத்தவர் எவருமில்லை. இந்த ஊரில் ஆள் கிடைப்பது, ஏற்கெனவே வேலை செய்பவர் தம் மைத்துனரையோ ஐ.டி.ஐ.யில் கூடப் படித்தவரையோ அழைத்து வருவதால்தான். அதிலும் ஆபத்து உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மில்களில் மேஸ்திரிகள் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கிய கொடுமையைக் கண்டுதான், 1931-இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம், ஆள் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் கையிலிருந்து எடுத்துத் தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. அறுபத்து நான்கு பேருள்ள பட்டறைக்கு அப்படி யாருமில்லை. முதலாளியே மேஸ்திரி, அவரே நல அலுவலர். சேவை நிறுவனம் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு: முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் தொழில் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம், குறைந்தது 2.5 விழுக்காடு என்று நினைவூட்டிப் பதிவும் செய்து தந்தது. அப்படி வந்த பழகுநர் இருவரில் ஒருவர் இப்போது எங்களிடம் ஆய்வுப் பிரிவில் இருக்கிறார்.

செயல்திறன் மதிப்பீட்டுப் படிவம் ஏதோ கணினி அலுவலகத்துக்காகத் தைத்த சட்டை. துளையிடும் இயந்திரத்தில் நிற்பவருக்குத் ‘தலைமைப் பண்பு’க்கும் ‘கருத்துப் பரிமாற்றத் திறனு’க்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னது. அதை ஒதுக்கிவிட்டு, கழிவாகும் உதிரிகளின் எண்ணிக்கை, டூல் மாற்ற எடுக்கும் நேரம், புதியவருக்குக் கற்றுக்கொடுத்தாரா என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பயிற்சி என்ற பெயரில் நடந்தவை இரண்டு காணொளிக் கூட்டங்கள்; ஒழுங்கு நடவடிக்கைக்கான மாதிரிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இவற்றைத் தனியே விலைக்கு வாங்க மாட்டேன்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான உள்ளகக் குழு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். எங்களிடம் ஆய்விலும் பேக்கிங்கிலும் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். சேவை நிறுவனம் ஊழியர் பட்டியலிலிருந்து வயதில் மூத்த பெண்ணின் பெயரைத் தலைவராக நிரப்பி, வெளி உறுப்பினராகத் தாங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் போடும் ஒருவரின் பெயரைச் சேர்த்து, கையெழுத்துக்கு ஆணையை அனுப்பியது. தாம் தலைவராக்கப்பட்டது அந்த அக்காவுக்கே தெரியாது. அறிவிப்பு ஒட்டிய அன்று அவர் என்னிடம் வந்து, “என்னங்க சார், என்னைக் கேக்காம எம்பேரைப் போட்டிருக்கறீங்க?” என்றார். அவர் கேட்டது நியாயம். பிறகு ஒன்பது பேரையும் அமரவைத்துப் பேசி, யாரிடம் போய்ச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இராது என்று கேட்டோம். அவர்கள் சொன்னது வேறொரு பெயர். தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருப்பவர். வெளி உறுப்பினராக உள்ளூரில் பெண்களுக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்பிலிருந்து ஒருவர் வந்தார். அனுப்பப்பட்ட ஆணை சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தித்தான் இருந்தது. ஆபத்தான ஒரு நாளில் அது எந்தப் பெண்ணுக்கும் பயன்பட்டிருக்காது.

குறைதீர்ப்புச் செயலியும் அப்படியே. கைப்பேசியில் குறையைத் தட்டச்சு செய்தால் எங்களுக்கு வரும். இருபத்தொரு மாதத்தில் வந்த குறைகள்: ஒன்றுமில்லை. இதே காலத்தில் டீ நேரத்தில் என் காதுக்கு வந்தவை: கழிப்பறைத் தாழ்ப்பாள், இரவு ஷிப்ட் மாற்றத்தில் பாரபட்சம், ஒடிசாத் தொழிலாளர் தங்கும் அறையில் தண்ணீர் வராதது, ஒரு சூப்பர்வைசரின் வாய். செயலியின் மாதாந்தர அறிக்கை, ‘பணியாளர் திருப்தி: சிறப்பு’ என்று பச்சை வண்ணத்தில் வருகிறது. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் இருதரப்பும் உள்ள குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்று சட்டம் சொல்வதை ஒட்டி, மாதம் முதல் சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் உட்காரத் தொடங்கினோம்; தாழ்ப்பாள் அன்றே மாறியது.

கடைசியாகப் பணிக்கொடைக் கதை. 2003 நவம்பரில் சேர்ந்த ஒருவர் 2025 ஜூலையில் 58 வயதில் ஓய்வுபெற்றார். இருபத்தோர் ஆண்டு எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்டது முழு ஆண்டாகும் என்பதால் இருபத்திரண்டு ஆண்டு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசிச் சம்பளம் 18,200. சேவை நிறுவனம் அனுப்பிய கணக்கில் 2,00,200 ரூபாய் என்றிருந்தது. கையெழுத்திட்டுக் காசோலை எழுத இருந்தேன். அன்று வந்திருந்த கணக்குப்பிள்ளை தாளை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதினார். “தம்பி, இருபத்தாறுல வகுக்கோணும். முப்பதுல வகுத்திருக்கறாங்க” என்றார்.

மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதைக் கணக்கிட, ஞாயிறு போக மாதத்தை இருபத்தாறு நாளாகக் கொள்ள வேண்டும். 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லி, பின்னர் சட்டத்திலேயே அது சேர்க்கப்பட்டது. 18,200-ஐ 26-ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 10,500. இருபத்திரண்டு ஆண்டுக்கு 2,31,000 ரூபாய். வேறுபாடு 30,800. சேவை நிறுவனத்தில் கேட்டபோது, சம்பள நாள் எண்ணிக்கைக்கான பொதுக் கட்டத்தில் நாங்களே முப்பது என்று நிரப்பியிருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். உண்மைதான், நிரப்பியது நான். வராத நாள் பிடித்தத்துக்காக நிரப்பிய எண் பணிக்கொடைக்கும் போகும் என்று படிவத்தில் எங்கும் எழுதவில்லை என்பதும் உண்மை. ஓய்வுபெற்றவருக்கு 2,31,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தோம். அவருக்கு இந்த வேறுபாடு நடந்ததே தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருந்திராது.

அறுபத்து நான்கு பேரின் ஆதார், வங்கி, மருத்துவ விவரங்கள் எல்லாம் அவர்களுடைய கணினியில் இருப்பது பற்றி ஒரு சொல். ஒப்பந்தத்தை முறித்தால் முப்பது நாளுக்குள் எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாகத் தந்துவிட்டுத் தங்களிடம் உள்ளதை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனை மூல ஒப்பந்தத்தில் இல்லை. கேட்டதும் சேர்த்தார்கள். கேட்காதவர்களுக்குச் சேர்ப்பதில்லை என்று தெரிகிறது. வாங்குபவர் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஆக, சம்பளமும் சட்டக் கணக்குகளும், பி.எஃப். பெயர் விவகாரங்களும், தொடக்கக் கேள்விப் படிவமும் போதும் என்று முடிவுசெய்து, 2026 ஏப்ரலிலிருந்து தலைக்கு 70 ரூபாய்த் திட்டத்துக்கு மாறுகிறோம். இருபது பேருக்கு மேல் வைத்திருந்து, கணக்கைப் பார்க்க ஒரே ஆளை நம்பியிருக்கும் எந்தப் பட்டறைக்கும் இந்த அளவு சேவையைப் பரிந்துரைப்பேன். முழுத் திட்டத்தை வாங்குவதானால், தலைக்கு மிச்சமாகும் 50 ரூபாயில் என்ன செய்யலாம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது மாதம் 3,200 ரூபாய். அதை எதிர்பார்த்து, பி.காம். முடித்து ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் உயர்த்தி, வாரத்தில் இரண்டு நாள் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறோம். அந்த நீள நோட்டை அவர் சொல்லச் சொல்ல இந்தப் பெண் எழுதிக்கொள்கிறார். போன வாரம் 2011-ஆம் ஆண்டு வரை வந்திருந்தார்கள்.